நகரத்தைக் கட்டியவர்கள் பக்கம்

நியூ ஜெர்சியின் பேட்டர்சன் நகரத்தில் வாழும் ஆசிரியர்களும் நூலகர்களும் ஆலை வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர்களும் சேர்ந்து, இந்த ஊரின் வரலாற்றை உழைத்தவர்கள் பக்கம் நின்று எழுதும் இயக்கத்தை இன்று தொடங்குகிறோம்.

எங்கள் முன்னோடி ஹெர்பர்ட் கட்மன். 1928இல் நியூயார்க்கில் யூதக் குடியேறிகளின் மகனாகப் பிறந்தவர். தொழிலாளர் வரலாறு என்றால் சங்கங்களின் வரலாறு என்றே அவருக்கு முந்தையவர்கள் எழுதிவந்தார்கள். சங்கத்தில் சேராத பெரும்பான்மையோர் எங்கே போனார்கள் என்று கேட்டவர் கட்மன். விடை தேடிச் சிறுநகரங்களின் பழைய செய்தித்தாள்களைப் புரட்டினார். பேட்டர்சனின் தாள்களையும் படித்தார். வேலைநிறுத்தம் செய்தவர்களுக்காக எழுதிய பத்திரிகையாசிரியர் ஜோசப் மெக்டானல்மீது அவதூறு வழக்கு வந்தபோது, அபராதத்தைத் தொழிலாளர்களே திரட்டிக் கட்டிய செய்தி அங்கே இருந்தது. முதலாளியிடம் பணம் இருந்தது. ஊர் அவரிடம் இல்லை.

அடிமைமுறை பற்றி 1974இல் வெளியான ஒரு புகழ்பெற்ற நூல், லூசியானாவின் பருத்தித் தோட்டம் ஒன்றில் அடிமை ஒருவருக்கு ஆண்டுக்குச் சராசரி 0.7 சவுக்கடித் தண்டனைதான் என்று கணக்கிட்டது. அந்தக் கணக்குக்கு ஆதாரமான அதே பதிவேட்டைக் கட்மன் எடுத்தார். ஏறத்தாழ நாலரை நாளுக்கு ஒருமுறை அந்தத் தோட்டத்தில் யாரோ ஒருவர் அடிபட்டிருக்கிறார். மற்றவர்கள் அத்தனை பேரும் அந்த அச்சத்தில் வாழ்ந்தார்கள். பதிவேடு ஒன்றுதான், ஆனால் சராசரி போடுகிறவர் காண்பது வேறு, அடுத்த அடிக்குக் காத்திருப்பவர் காண்பது வேறு. எண்களை நாங்கள் வெறுக்கவில்லை. எந்த எண்ணையும் அதற்குள் இருக்கும் மனிதரிடம் விசாரிக்காமல் ஏற்கமாட்டோம்.

கறுப்பினக் குடும்பம் அடிமைமுறையில் சிதைந்துபோனது என்ற வாதத்தை, திருமணப் பதிவுகளையும் குழந்தைகளுக்குத் தாத்தா பெயர் வைத்த வழக்கத்தையும் கொண்டு 1976இல் அவர் மறுத்தார். சங்கத் தொழிலாளர்களை வகுப்பில் உட்காரவைத்துப் பேசினார். 1981இல் அமெரிக்கச் சமூக வரலாற்றுத் திட்டத்தைத் தொடங்கினார். 1985இல் இறந்தார், 'அமெரிக்காவைக் கட்டியது யார்?' என்று கேட்கும் பாடநூலை அவருக்குப் பின் சக ஆய்வாளர்கள் முடித்தார்கள்.

அந்தக் கேள்வியை நாங்கள் தெருத்தெருவாகக் கேட்போம். 1913 பட்டாலை வேலைநிறுத்தத்தோடு இந்த ஊரின் கதை முடிந்துவிடவில்லை. இத்தாலியர்களுக்குப் பிறகு பெருவிலிருந்தும் டொமினிக்கன் குடியரசிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வந்தவர்கள் இங்கே உழைக்கிறார்கள். அவரவர் மொழியிலேயே வாய்மொழியைப் பதிவுசெய்வோம். பதிவின் முதல் பிரதியை, கதை சொன்னவரின் வீட்டுக்கே கொடுப்போம். அவர் சம்மதிக்காத வரியை அச்சேற்றமாட்டோம்.

பணி சாயப்பட்டறைகளில் தொடங்குகிறது. பட்டுக்கு நிறமேற்றியவர்களின் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் தேடி வருகிறோம். கூலிச்சீட்டு, சங்க அட்டை, பழைய புகைப்படம் எது இருந்தாலும் எடுத்துவையுங்கள்.