உப்பும் புளியும் சரியாக இருந்தால்



சாமான் குறைந்த நாளில் இறைச்சிக்கறி வைக்க முடியுமா என்று நம்மில் பலர் தயங்குகிறோம். தேங்காய் இல்லை, எண்ணெய் இல்லை, வாசனைச் சரக்கு இல்லை என்றால் கை ஓடாது. எனக்கும் அப்படி ஒரு நாள் வந்தது. அன்று நான் கற்றுக்கொண்டதை இம்மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

அது 2022ஆம் ஆண்டு ஆனி மாதம். சமையல் எரிவாயுவுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்ற காலம். கட்டுநாயக்கவில் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் என் மூத்த மகள் எட்டு மாதங்களுக்குப் பிறகு வீட்டுக்கு வந்தாள். மேலதிக நேர வேலை இல்லாததால் அவளுக்குச் சம்பளம் குறைந்திருந்தது. ஆனாலும் வெறுங்கையோடு வர மனமில்லாமல், காலையில் மன்னாரில் பஸ்ஸால் இறங்கியதும் அரைக் கிலோ பன்றி இறைச்சி வாங்கி வந்தாள். சிறு வயதிலிருந்தே அவளுக்கு அந்தக் கறியில் ஆசை.

பையைக் கையில் வாங்கியதும் எனக்குப் பயந்தான் வந்தது. தேங்காய் இல்லை. எண்ணெய்ப் போத்தல் காலி. கறுவா, ஏலம், கராம்பு எல்லாம் எப்போதோ முடிந்துவிட்டன. உப்பு, மஞ்சள், கொஞ்சம் மிளகு, ஒரு மேசைக்கரண்டி வறுத்த மிளகாய்த்தூள், நாலு துண்டு கொறுக்காய்ப்புளி, ஒரு பிடி சின்ன வெங்காயம், கொஞ்சம் உள்ளி, முற்றத்துக் கறிவேப்பிலை. இவ்வளவுதான் இருந்தது. பிள்ளை உழைத்த காசில் வாங்கியதைப் பழுதாக்கிவிடுவேனோ என்று கண் கலங்கிவிட்டது. திண்ணையில் இருந்த மாமி எழும்பி வந்து பையைத் திறந்து பார்த்தார்.

“இவ்வளவு கொழுப்புக் கிடக்கு, நீ ஏன் பிள்ளை எண்ணெய் தேடுறாய்?”

“தேங்காய்ப்பாலும் இல்லை மாமி.”

“பண்டிக்குப் பால் என்னத்துக்கு? உப்பும் புளியும் சரியாய் இருந்தால் காணும். அவசரப்படாமல் சமை.”

மாமி பக்கத்தில் இருந்து சொல்லச் சொல்ல நான் சமைத்த முறை இதுதான்.

இறைச்சியைக் கழுவி, தோலில் மயிர் இருந்தால் நெருப்பில் வாட்டிச் சுரண்டி எடுங்கள். வேகும்போது சுருங்கும் என்பதால் சற்றுப் பெரிய துண்டுகளாக வெட்டுங்கள். கொழுப்பை வெட்டி எறிய வேண்டாம். கறிக்கு எண்ணெய் அதுதான். கொறுக்காயை வெந்நீரில் ஊறவைத்து, உள்ளியோடும் ஒரு தேக்கரண்டி மிளகோடும் அம்மியில் அரையுங்கள். இந்த விழுது, ஒரு தேக்கரண்டி உப்பு, கால் தேக்கரண்டி மஞ்சள் ஆகியவற்றை இறைச்சியில் பிசறி அரை மணித்தியாலம் மூடி வையுங்கள். சில கொறுக்காய் உப்புப் போட்டு உலர்த்தியதாக இருக்கும். அப்படியானால் உப்பை முதலில் குறைத்துப் போட்டு, கடைசியில் சரிபார்க்கலாம்.

பின்பு சட்டியில் இட்டு, ஒரு கோப்பைத் தண்ணீர் விட்டு, மூடி, மெல்லிய நெருப்பில் அவியவிடுங்கள். முக்கால் மணித்தியாலம் அளவில் இறைச்சி மெதுவாகும். அவியுமுன் தண்ணீர் வற்றினால் கொஞ்சம் சுடுதண்ணீர் விடுங்கள். இறைச்சி அவிந்ததும் மூடியைத் திறந்து தண்ணீரை முழுதாக வற்றவிடுங்கள். கொழுப்பு உருகிச் சட்டியின் அடியில் எண்ணெயாக நிற்கும். அதிலேயே துண்டுகளைப் புரட்டிப் பொரியவிடுங்கள். ஓரம் சிவந்ததும் வெட்டிய வெங்காயமும் கறிவேப்பிலையும் போட்டு வதக்குங்கள். கடைசியில் மிளகாய்த்தூளைத் தூவி ஒரு கிளறு கிளறி, அரைக் கோப்பைச் சுடுதண்ணீர் விட்டு, குழம்பு பிரட்டலாக வரும்வரை வைத்து இறக்குங்கள்.

நம் வறுத்த தூளில் மல்லி, சீரகம், பெருஞ்சீரகம், மிளகு எல்லாம் ஏற்கெனவே இருக்கின்றன. ஒரு கரண்டி தூள் இருந்தாலே பல சரக்குச் சேர்த்த மாதிரித்தான். அதைத் தொடக்கத்திலேயே போட்டு நெடுநேரம் கொதிக்கவிட்டால் வாசனை போய்விடும். தூளே இல்லாவிட்டால் மிளகைக் கூட்டுங்கள். தென்னிலங்கையில் சிங்களச் சகோதரிகள் கறுப்பாக வைக்கும் பன்றிக்கறிக்கும் கொறுக்காயும் மிளகும்தான் உயிர். குழம்பு தடிக்க வேண்டுமானால் ஒரு தேக்கரண்டி அரிசியைச் சிவக்க வறுத்து இடித்துப் போடலாம். கொறுக்காய் இல்லாத வீட்டில் பழப்புளியோ வினாகிரியோ உதவும். தேசிக்காய் என்றால் இறக்கிய பிறகே பிழியுங்கள், கொதித்தால் கைக்கும்.

சிக்கனத்தில் விறகை மட்டும் மிச்சம் பிடிக்க வேண்டாம். அரைவேக்காட்டுப் பன்றி இறைச்சியால் நாடாப்புழு தொற்றலாம். துண்டொன்றைப் பிளந்து பாருங்கள். நடுவில் சிவப்பு இருக்கக் கூடாது. 2024ஆம் ஆண்டின் பிற்பகுதியில் நம் நாட்டுப் பன்றிகளிடையே ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் பரவியபோது பலர் இந்த இறைச்சிக்கே பயந்தார்கள். அந்நோய் மனிதருக்குத் தொற்றுவதில்லை. ஆனால் பன்றி வளர்க்கும் சகோதரிகள் இறைச்சிக் கழிவையோ கழுவிய தண்ணீரையோ பன்றிகளுக்குக் கொடுக்கக் கூடாது. நோய் அப்படியும் பரவும். உங்கள் வருமானம் முழுதும் அதில்தான் இருக்கிறது.

அன்று மத்தியானம் சோறும் அந்த ஒரு கறியும்தான். மகள் பிசைந்து சாப்பிட்டுவிட்டு, “தேங்காய்ப்பால் விடாமலே வைச்சனீங்களோ அம்மா?” என்று கேட்டாள். நான் மாமியைப் பார்த்தேன். மாமி சட்டியை வழித்துக்கொண்டு சிரித்தார்.

திரும்பிப் போகும்போது மகள் அளவுகளை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு போனாள். அவள் தங்கியிருக்கும் அறையில் நாலு பிள்ளைகளுக்கு ஒரு அடுப்பு. சம்பள நாளில் காசு சேர்த்து இறைச்சி வாங்கி, இப்போதும் இந்தக் கறியைத்தான் வைக்கிறார்களாம். வெறும் உப்பும் புளியும் என்று நான் வெட்கப்பட்ட கறி, வேறு ஊர்ப் பிள்ளைகளுக்கும் வீட்டுச் சாப்பாடாகிவிட்டது.

ஆகவே சகோதரிகளே, அலுமாரி வெறுமையாகக் கிடக்கிறதே என்று மனம் சோராதீர்கள். இருப்பதை எடுத்து வையுங்கள், நெருப்பைத் தணித்து வையுங்கள். அடுத்த மாதம் சந்திப்போம்.