முற்றத்து ஊஞ்சலும் காணி உரிமையும்



வீட்டு முற்றத்தில் பிள்ளைக்கு ஓர் ஊஞ்சல் கட்ட யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்? சொந்தக் காணியில் இருப்பவர்களுக்கு இது வேடிக்கையான கேள்வி. டிக்கோயா லயங்களில் வாழும் எங்களுக்கு அப்படியல்ல. முகாமிலும் பிறர் காணியிலும் வருடக்கணக்காக இருந்த உங்களுக்கு இது உடனே விளங்கும்.

லயக் காம்பிராவும் அதன் வாசலும் எங்கள் பெயரில் இல்லை. நிலம் அரசுடையது. 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் கொடுக்கப்பட்டது. ஆகவே வாசலில் கம்பு நடுவதற்கும் துரையின் சம்மதம் வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு தாய் இரண்டு சவுக்குக் கம்புகளை நட்டு மகளுக்கு ஊஞ்சல் கட்டினார். மறுவாரமே கழற்றச் சொன்னார்கள். "இன்றைக்கு ஊஞ்சல், நாளைக்குக் கொட்டில், பிறகு வீடு" என்பதுதான் சொல்லப்பட்ட காரணம். துரையிடம் வாய்மொழியாகக் கேட்டுத்தான் கட்டினார். ஆனால் எடுத்துக் காட்ட ஒரு துண்டுக் கடிதமும் அவரிடம் இல்லை.

இங்கிலாந்திலும் இதற்குச் சட்டம் உண்டு. தோட்டத்தில் வைக்கும் விளையாட்டு மேடை 30 சென்ரிமீற்றருக்கு மேல் உயர்ந்தால் உள்ளூராட்சி சபையின் அனுமதி வேண்டும். அங்கே உயரத்தைக் கேட்கிறார்கள். இங்கே நிலம் யாருடையது என்று கேட்கிறார்கள்.

இப்போது சில தோட்டங்களில் 7 பேர்ச்சஸ் காணியுடன் தனி வீடுகள் கட்டப்பட்டுள்ளன. அப்படி வீடு கிடைத்தவர்களும் கிடைக்க இருப்பவர்களும் சில விடயங்களை அறிந்திருப்பது நல்லது.

சாதாரண ஊஞ்சல் வேறு, கூரையும் சுவரும் உள்ள விளையாட்டு வீடு வேறு. கூரை போடும் எதையும் கட்டுமுன் சபையில் விசாரியுங்கள். நகரப் பகுதிக்கு ஹட்டன் - டிக்கோயா நகர சபை. சுற்றியுள்ள தோட்டங்கள் பலவற்றுக்கு நோர்வூட் பிரதேச சபை.

மண்மேட்டை வெட்டி இடம் சமப்படுத்தாதீர்கள். நுவரெலியா மண்சரிவு அபாயமுள்ள மாவட்டம். இங்கே கட்டிட வேலைக்குத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் சிபாரிசு கேட்கப்படுகிறது. 2014 ஒக்டோபரில் மீரியபெத்தையில் லயங்களே மண்ணுக்குள் போனதை நாம் மறக்கவில்லை. ஊஞ்சலை மேட்டு விளிம்பு, கான், மின்கம்பி ஆகியவற்றிலிருந்து தள்ளிக் கட்டுங்கள்.

இன்னும் லயத்தில் இருப்பவர்கள் எழுத்தில் கேளுங்கள். கடிதத்தை இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் திகதியும் கையொப்பமும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தனித்தனியே கேட்பதைவிட லயத்துப் பெண்கள் சேர்ந்து, பிள்ளை மடுவத்துக்கு அருகில் பொது விளையாட்டிடம் கேட்பது பலமானது. முன்பு தோட்டங்களுக்குள் வேலை செய்யப் பிரதேச சபைகளுக்குச் சட்டத்தில் தடை இருந்தது. 2018இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. எனவே சபையிடமும் கேட்கலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, காணி உறுதி வரும்போது அதில் உங்கள் பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள். கணவர் இல்லாத வீடுகளில் இது இன்னும் அவசியம்.

விளையாடுவது பிள்ளையின் உரிமை என்று சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 31ஆம் உறுப்புரை சொல்கிறது. இலங்கை அதை 1991இல் ஏற்றுக்கொண்டது. நாம் கேட்பது சலுகையல்ல. உங்கள் ஊரில் பிள்ளைகள் எங்கே விளையாடுகிறார்கள், அந்த இடம் யார் பெயரில் இருக்கிறது என்று விசாரித்து எழுதுங்கள்.