கூவி விற்க எந்த ஸ்பீக்கர்?

கேள்வி: கமிஷன் கடைக்குப் போடாமல், கத்தரி, வெண்டையை என் பிக்கப்பிலேயே ஊர் ஊராக விற்கிறேன். கூவி விற்க எந்த ஸ்பீக்கர் வாங்கலாம்?
- வாசகர், கடையம்

பதில்: கதவு ஸ்பீக்கர் இதற்கு ஆகாது, காகிதக் கூம்பு ஆனி, ஆடிச் சாரலில் ஊறிவிடும். குழாய் ஸ்பீக்கரே சரி. பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் உச்ச வாட்ஸை நம்பாதீர்கள். தொடர்ந்து தாங்கும் ஆர்.எம்.எஸ். வாட்ஸைப் பாருங்கள். அதே வாட்ஸில் 3 டெசிபெல் கூடுதலாகத் தரும் ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபயரை இரு மடங்காக்குவதற்குச் சமம், பேட்டரியும் மிஞ்சும். 12 வோல்ட் ஆம்ப்ளிஃபயரின் ஓமும் ஸ்பீக்கரின் ஓமும் பொருந்த வேண்டும். பேட்டரியை ஒட்டியே ஃபியூஸ் போடுங்கள்.

2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி எழுத்துமூல அனுமதி தேவை. இரவு 10 முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது. பள்ளி, ஆஸ்பத்திரி அருகே அணைத்துவிடுங்கள்.