நீரில் மூழ்கியவருக்கு முதலில் மூச்சு: நீச்சல் குள முதலுதவி குறித்த நிலைப்பாட்டு அறிக்கை

நீச்சல் குளத்திலிருந்து நினைவிழந்த நிலையில் கரையேற்றப்பட்டவருக்கு முதலில் செய்யவேண்டியது, வயிற்றை அமுக்கி நீரை வெளியேற்றுவதா, மார்பை மட்டும் அழுத்துவதா, வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதுவதா என்பதில் குளங்களை நடத்துவோரிடையே தெளிவின்மை நிலவுவதால், இவ்வமைப்பு தன் நிலைப்பாட்டை அறிவிக்கிறது. மூச்சே முதலில் தரப்பட வேண்டும். நீரை வெளியேற்றும் முயற்சி எதுவும் கூடாது. மூச்சு ஊதப் பயின்ற உயிர்காப்பாளர் இல்லாத நேரத்தில் குளம் திறந்திருக்கலாகாது.

நீரில் மூழ்குதல் என்பது நீர்மத்தினுள் அமிழ்வதால் சுவாசம் தடைபடும் நிகழ்முறை என்று 2002இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய உலக மாநாடு வரையறுத்தது. திடீரென இதயம் நின்று சரியும் பெரியவரின் இரத்தத்தில் ஆக்சிஜன் சற்று நேரம் மிஞ்சியிருக்கும் என்பதால், 2008இல் அமெரிக்க இதயச் சங்கம் பொதுமக்களுக்குப் பரிந்துரைத்த, மார்பை மட்டும் அழுத்தும் முறை அவருக்குப் பொருந்தும். மூழ்கியவருக்கோ முதலில் மூச்சு நின்று, ஆக்சிஜன் தீர்ந்த பிறகே இதயம் நிற்கிறது. ஆகவே மார்பழுத்தம் மட்டும் ஆக்சிஜனற்ற இரத்தத்தையே மூளைக்குச் செலுத்தும். பயிற்சி பெற்றவர் தொடக்கத்தில் 5 முறை ஊத வேண்டும் என்று ஐரோப்பிய வழிகாட்டுதலும், 2 முறை என்று அமெரிக்க வழிகாட்டுதலும் கூறினாலும், மூச்சு முந்துவதில் இரண்டும் ஒத்துப்போகின்றன. ஊதத் தெரியாதவர் கைகட்டி நிற்பதைவிட மார்பை அழுத்துவதே மேல்.

மூழ்கியவரைக் குப்புறக் கிடத்தி முதுகை அமுக்குவதும், தோளில் போட்டுச் சுற்றுவதும் கைவிடப்பட வேண்டிய பழக்கங்கள். நுரையீரலுக்குள் புகும் நீர் பெரும்பாலும் சிறிதளவே என்பதோடு, அது விரைவில் இரத்தத்தில் உறிஞ்சப்பட்டுவிடும்; அமுக்குவதால் வெளிவருவது இரைப்பையிலுள்ள நீரும் உணவுமே, அவை மூச்சுக்குழாய்க்குள் இறங்கினால் நிலை மேலும் மோசமாகும். வாயில் வெண்ணுரை பொங்கினால் அதைத் துடைத்துக்கொண்டிராமல் ஊதுவதைத் தொடரவேண்டும். வாந்தி வந்தால் மட்டும் உடலைப் பக்கவாட்டில் திருப்பி வாயைச் சுத்தம் செய்ய வேண்டும்.

மூழ்குபவர் கையசைத்துக் கூவுவார் என்ற எண்ணமும் தவறானது. மூச்சுக்கே திணறுபவரால் குரல் எழுப்ப இயலாது. வாய் நீர்மட்டத்தில் அமிழ்ந்தெழ, தலை பின்சாய, ஓசையின்றி அவர் மூழ்குவது அருகில் நீந்துபவருக்கே புலப்படாமல் போகலாம். ஆகவே மேற்பார்வையோடு சீட்டுக் கிழித்தல், பயிற்சியளித்தல் போன்ற வேறு பணிகளை உயிர்காப்பாளரிடம் ஒப்படைக்கலாகாது.

இதன் அடிப்படையில் இவ்வமைப்பு வலியுறுத்துபவை:

1. நீண்ட கழியும், கயிறு கட்டிய மிதவை வளையமும் குளக்கரையில் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். கரையிலிருந்தே நீட்டியோ வீசியோ மீட்க இயலாதபோது மட்டும், பயிற்சி பெற்றவர் மிதவையுடன் நீரில் இறங்க வேண்டும்.

2. கரையேற்றியவுடன் ஒருவர் 108ஐ அழைக்க, மற்றவர் நெற்றியைச் சாய்த்து, தாடையை உயர்த்தி, மூக்கை மூடி, மார்பு எழும்பும்வரை ஒரு வினாடி வீதம் ஊத வேண்டும். அசைவும் மூச்சும் திரும்பாவிடில் 30 மார்பழுத்தத்திற்கு 2 மூச்சு என்ற விகிதத்தில் தொடர வேண்டும்.

3. இதயத்துக்கு மின்னதிர்ச்சி தரும் டிஃபிப்ரிலேட்டர் கருவி இருந்தால், மார்பின் ஈரத்தைத் துடைத்துப் பொருத்தலாம். அதற்காக மூச்சு தருவதைத் தாமதிக்கக் கூடாது.

4. உடனே கண்விழித்தவராயினும் மருத்துவமனையில் பரிசோதிக்கப்பட வேண்டும். நுரையீரல் பாதிப்பு சில மணி நேரம் கழித்தும் தீவிரமடையக்கூடும்.

குளத்திற்கு உரிமம் வழங்கும் அலுவலர்கள் நீரின் தூய்மையைச் சோதிப்பதோடு நில்லாமல், பணியிலுள்ள உயிர்காப்பாளர் பயிற்சிப் பொம்மையின் மீது இவ்வரிசையைச் செய்துகாட்டிய பிறகே உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும்.