கேம்பர் வாங்குறவங்களுக்கு: துணிச்சுவர் உங்களைக் காப்பாத்தாது

1/ அமெரிக்காவுல இருக்கிற என் சித்தி பையன் பழைய பாப்-அப் கேம்பர் ட்ரெய்லர் ஒண்ணு வாங்கி போட்டோ அனுப்பினான். காருக்குப் பின்னாடி இழுத்துட்டுப் போகலாம். கைப்பிடியைச் சுத்தினா கூரை எழும்பும், துணிச்சுவர் விரியும், உள்ளே ரெண்டு படுக்கை. அழகாத்தான் இருக்கு.

2/ கூடவே ஒரு கேள்வி. "அண்ணா, ஹீட்டர் வேலை செய்யல. ராத்திரி கரி அடுப்பை உள்ள வச்சுக்கலாம்ல? சுத்தியும் துணிதானே, காத்து வந்துரும்."

அவனுக்குச் சொன்ன பதில்தான் இந்த இழை. கொஞ்சம் கோவமாவே இருக்கும்.

3/ அது மழைத்தண்ணி ஒழுகாம இருக்கிற துணி. குளிருக்கு ஜிப்பை எல்லாம் இழுத்து மூடுவீங்க. அதுக்கப்புறம் அது கதவடைச்ச ரூம்தான். புகை அடங்கிக் கனிஞ்ச கரியும் கார்பன் மோனாக்சைடை விட்டுட்டேதான் இருக்கும். சிலிண்டர் கேஸ் கசிஞ்சா நாத்தம் அடிக்கும், ஏன்னா அதுக்கு வாசனை சேர்க்கிறாங்க. இதுக்கு நிறமும் இல்ல, வாசனையும் இல்ல.

4/ ஆக்சிஜனை விட 200 மடங்குக்கு மேல வலுவா ஹீமோகுளோபினைப் பிடிச்சுக்கும். முதல்ல தலைவலி, வாந்தி, தலைசுத்தல். நீங்க மத்தியானம் சாப்பிட்ட பிரியாணியைத் திட்டுவீங்க. தூங்கிட்டீங்கன்னா அதுவும் தெரியாது. விரல்ல மாட்டுற பல்ஸ் ஆக்ஸிமீட்டர் 98 காட்டும். நம்பாதீங்க, அதுக்கு ரெண்டையும் பிரிச்சுப் பார்க்கத் தெரியாது.

5/ 2024 டிசம்பர், கேரளாவில் வடகரை. ரோட்டோரம் நின்ன கேரவனுக்குள்ள 2 பேர் இறந்து கிடந்தாங்க. காரணம் ஜெனரேட்டர்ல இருந்து வந்த இதே வாயு. அதே வருஷம் கொடைக்கானல்ல ரூமுக்குள்ள பார்பிக்யூ அடுப்பை வச்சுத் தூங்கின 2 பேர் எழுந்திருக்கவே இல்ல. இவங்க யாரும் முட்டாள் இல்ல.

6/ என் கோவம் கேம்பிங் வீடியோ போடுறவங்க மேல. சீரியல் லைட், காபி மெஷின், மெத்தை எல்லாத்தையும் அரை மணி நேரம் காட்டுறீங்க. அலாரம் பத்தி ஒரு வார்த்தை கிடையாது. "ஜன்னலை லேசா திறந்து வச்சா போதும் மக்களே"ன்னு வேற. லேசான்னா எவ்வளவுங்க? எம்பிபிஎஸ் படிச்ச எனக்கே தெரியாத அளவு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?

7/ தம்பி வாங்கும்போது துணிக் கிழிசல், கூரை ஒழுகல், டயர் எல்லாம் பார்த்திருக்கான். கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்கான்னு கேட்டேன். போய்ப் பார்த்தான். சுவத்துல இருக்கு, உள்ளே பேட்டரி இல்ல.

8/ பழைய வண்டி வாங்கினா முதல் செலவு புது அலாரமா இருக்கட்டும். மாத்திரை மாதிரி அதுக்கும் காலாவதி உண்டு, தேதியைப் பாருங்க. கரி அடுப்பு, ஜெனரேட்டர் ரெண்டும் வெளியே, வண்டியை விட்டுத் தள்ளி. சமைக்கிற கேஸ் அடுப்பைக் குளிர் காய எரிக்காதீங்க. ஹீட்டர் ரிப்பேர்னா சரி பண்ற வரைக்கும் கம்பளி.

9/ உள்ளே இருக்கிற ரெண்டு பேருக்கு ஒரே நேரத்துல தலைவலின்னா, காரணம் யோசிக்காம எல்லாரும் வெளியே வாங்க. இங்க 108, அங்க 911. ஆஸ்பத்திரியில "உள்ளே அடுப்பு எரிஞ்சுது"ன்னு வாயைத் திறந்து சொல்லுங்க. நீங்க சொன்னாத்தான் டூட்டி டாக்டருக்கு அந்தச் சந்தேகமே வரும். உடனே ஆக்சிஜன் போடுவோம்.

10/ "ஓவரா பயமுறுத்துறீங்க டாக்டர்"னு கமெண்ட் வரும். வரட்டும். ஊர் சுத்த வேணாம்னு நான் சொல்லல. தம்பி அலாரம் ஆர்டர் போட்டுட்டான், அது வந்து சேர்ந்த பிறகுதான் பயணம். உங்க கேம்பிங் குரூப்ல இதைப் பகிருங்க.