பெட்டியைக் கிழிப்பவர் தரப்பிலிருந்து

வளர்ந்த மனிதர்கள் லெகோ செட் வாங்கி, சாப்பாட்டு மேசையில் கொட்டி, இரவு பதினொரு மணி வரை குனிந்து உட்கார்ந்து கட்டுவதைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை கோபத்தில். இரண்டாம் முறை, இவ்வளவு படித்த ஒருவரால் இத்தனை முரண்பாடுகளை ஒரே மூச்சில் எப்படிச் சொல்ல முடிந்தது என்று தெரிந்துகொள்வதற்காக. அவர் பெயரை இங்கே இழுக்கப்போவதில்லை. என் வழக்கு அவருடைய வாதத்தோடுதான். இது முதிர்ச்சியின்மை என்கிறார்; கையேட்டைப் பார்த்துச் செய்வதில் படைப்பு எங்கே என்கிறார்; வியாபாரி விரித்த வலை என்கிறார்; அடுத்த பத்தியிலேயே, இவர்கள் விலை ஏறட்டும் என்று பெட்டிகளைப் பதுக்குகிற முதலீட்டாளர்கள் என்கிறார்; கடைசியில் பிளாஸ்டிக் என்று சொல்லிக் கையைக் கழுவிக்கொள்கிறார். உலகம் தெரியாத குழந்தையும் சந்தை தெரிந்த பதுக்கல்காரனும் ஒரே ஆள்தான் என்று நிறுவ முயலும் வழக்கை எந்த நீதிமன்றம் உட்காரவைத்துக் கேட்கும்?

முதலீட்டு வாதத்தை முதலில் முடித்துவிடுகிறேன். அதில் தங்குவதற்கு ஒன்றுமில்லை. மாஸ்கோவின் உயர் பொருளாதாரப் பள்ளியைச் சேர்ந்த ஆய்வாளர்கள், 1987 முதல் 2015 வரையிலான 2,322 செட்களின் விலைகளை ஆராய்ந்து, ஆண்டுக்குச் சராசரியாக 11 சதவீத ஆதாயம் கிடைத்திருக்கிறது என்று சொன்னது உண்மை. ஆனால் அவை பிரிக்கப்படாத பெட்டிகள். கட்டுகிறவன் செய்யும் முதல் காரியமே முத்திரையைக் கிழிப்பது. கிழித்த நொடியில் அந்த ஆதாயம் அவன் கையைவிட்டுப் போகிறது. பதுக்குகிறவன் கட்டுவதில்லை, கட்டுகிறவனால் பதுக்க முடியாது. தான் அழைத்துவந்த சாட்சி தன் கட்சிக்கே எதிராகப் பேசுவதைக் கூடவா கட்டுரையாளர் கேட்கவில்லை?

வலை வாதம் இதைவிடக் கொஞ்சம் கெட்டிக்காரத்தனமானது. பெரியவர்களுக்கான பொழுதுபோக்கு என்பதே லெகோ நிறுவனம் இட்டுக்கட்டியது; 2020இல் பெட்டியின் மேல் 18+ என்று அச்சிட்ட பிறகுதான் நடுவயதுக்காரர்கள் வரிசையில் வந்து நின்றார்கள் என்கிறார். காலவரிசையைத் தலைகீழாகப் படிக்கிறவருக்கு விளைவெல்லாம் காரணமாகத்தான் தெரியும். கட்டைகளைக் கணினியில் அடுக்கிப் பார்ப்பதற்கான எல்ட்ரா என்ற மென்பொருளை ஜேம்ஸ் ஜெஸ்ஸிமன் என்ற ஆஸ்திரேலிய இளைஞர் எழுதி வெளியிட்டது 1995இல். உதிரிக் கட்டைகளை வாங்கவும் விற்கவும் டேனியல் யேசெக் என்பவர் இணையச் சந்தை தொடங்கியது 2000இல். பிரிக்லிங்க் என்று பெயர்பெற்ற அந்தச் சந்தையை நிறுவனம் 2019இல் விலைகொடுத்து வாங்க வேண்டியிருந்தது. 1998இல் மைண்ட்ஸ்டார்ம்ஸ் ரோபோ செட் வந்தபோது அதன் உள்நிரலைப் பிரித்துப் பார்த்துத் தங்கள் விருப்பப்படி எழுதிக்கொண்டவர்கள் வளர்ந்தவர்கள்தாம். வழக்குப் போடலாமா என்று யோசித்த நிறுவனம் கடைசியில் அனுமதித்துவிட்டது. 2015இல் சீனக் கலைஞர் ஐ வெய்வெய் தன் அரசியல் படைப்புக்காக மொத்தமாகக் கட்டை கேட்டபோது அதே நிறுவனம் மறுத்தது. பல நாட்டு மக்கள் தங்கள் வீட்டுக் கட்டைகளை அள்ளிக் கொடுத்தார்கள். 2016 ஜனவரியில் நிறுவனம் தன் விதியை மாற்றிக்கொண்டது. யார் யாரை இழுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள்?

இவர்கள் அந்த முத்திரைப் பெயரைத் தெய்வமாகக் கும்பிடுகிறவர்கள் என்ற வசையும் விவரம் தெரியாமல் வந்ததுதான். 1949இல் டென்மார்க்கில் வந்த முதல் கட்டை, ஹிலரி பேஜ் என்ற ஆங்கிலேயரின் கிடிகிராஃப்ட் கட்டையைப் பார்த்துச் செய்தது என்பதையும், அடியில் குழாய்கள் சேர்ந்த பின்பே, அதாவது 1958 ஜனவரி 28இல் உரிமம் கோரப்பட்ட பின்பே, அது பிடிப்புள்ள கட்டையானது என்பதையும், அந்த வடிவத்தை வணிக முத்திரையாகப் பதியும் முயற்சியை ஐரோப்பிய நீதிமன்றம் 2010இல் தள்ளியது என்பதையும் இந்தக் கட்டைக்காரர்களிடம்தான் நான் கற்றேன். பக்தர்கள் மூலவரின் பிறப்புச் சான்றிதழைத் தோண்டிப் பார்ப்பதில்லை.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். கையேடு காட்டியபடி அடுக்குவது நகலெடுப்பு, அதற்கு மூளை வேண்டாம், விரல் போதும் என்கிறார். மார்கழி விடியலில் வாசலில் குனிந்து நிற்கும் பெண்மணியிடம் இதைச் சொல்லிப் பார்க்கட்டும். பதினைந்து புள்ளி, இடைப்புள்ளி, எட்டு வரை என்று நோட்டில் இருப்பதைப் பார்த்துத்தான் அவர் தொடங்கியிருப்பார். பத்து வருடத்தில் அந்த நோட்டு அவருக்குத் தேவைப்படாது. இருபதாம் வருடத்தில் அவர் இழுக்கும் கோடு எந்த நோட்டிலும் இருக்காது. நகலில் தொடங்காத கலை எது? கீர்த்தனை பாடுகிறவர் தினமும் பாடுவது இன்னொருவர் இயற்றியதைத்தானே, அவரை யாராவது எழுத்தர் என்று சொல்லியிருக்கிறார்களா?

புள்ளிக்கோலத்தைச் சொன்னது அலங்காரத்துக்காக இல்லை. லெகோ கட்டையின் மேலிருக்கும் குமிழ்களும் ஒரு புள்ளி வரிசைதான். ஒரு குமிழுக்கும் அடுத்த குமிழுக்கும் 8 மில்லிமீட்டர். கட்டையின் உயரம் 9.6 மில்லிமீட்டர். அதில் மூன்றில் ஒரு பங்கு, 3.2 மில்லிமீட்டர், தட்டை என்கிற மெல்லிய துண்டின் உயரம். இந்த மூன்று எண்களை மனத்தில் வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள்: ஐந்து தட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் 16 மில்லிமீட்டர், அது சரியாக இரண்டு குமிழ் அகலம். நிற்கிற அளவும் கிடக்கிற அளவும் சந்திக்கிற அந்த ஒரு புள்ளியைப் பிடித்துக்கொண்டுதான், தேர்ந்த கட்டைக்காரர்கள் துண்டுகளைப் பக்கவாட்டில் திருப்பிக் குமிழே தெரியாத சுவர்களையும், வளைவுகளையும், சன்னல் சட்டங்களையும் உண்டாக்குகிறார்கள். சீரும் தளையும் தெரியாமல் வெண்பாவை ரசிக்கலாம், குற்றமில்லை. ஆனால் சீரும் தளையும் தெரியாமல் வெண்பாவில் இலக்கணமே இல்லை என்று தீர்ப்பெழுதலாமா?

எட்டுக் குமிழ் கொண்ட, ஒரே நிறத்திலான ஆறு கட்டைகளை எத்தனை விதமாக இணைக்கலாம் என்பதற்கு அந்த நிறுவனமே நெடுநாள் சொல்லிவந்த எண் 10,29,81,500. கோபன்ஹேகன் பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் சோரன் ஐலர்ஸ் அதைச் சோதித்தார். நிறுவனம் எண்ணியது ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் ஆறு அடுக்குக் கோபுரங்களை மட்டுமே என்று கண்டு, முழுக் கணக்கைப் போட்டபோது கிடைத்த விடை 91,51,03,765. உற்பத்தி செய்கிறவர்களே ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்கைத்தான் கண்டிருந்தார்கள். பெட்டியைக் கையால் தொடாத நம் கட்டுரையாளர் மட்டும் எல்லையைக் கண்டுவிட்டார்.

என் மேசையில் நடந்ததைச் சொல்கிறேன். மைத்துனர் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த தாஜ்மகால், 5,923 துண்டுகள். நான்கு மினார்களும் ஒரே அச்சு. முதல் மினாருக்குக் கையேட்டை நொடிக்கொரு முறை பார்த்தேன், நான்காவதற்குப் பார்க்கவேயில்லை. சமச்சீர் என்ற சொல்லை முப்பது வருடமாக எழுதிவருகிறவன், அதன் பொருளை அந்த நான்காவது மினாரில் விரலால் அறிந்தேன். கட்டி முடித்தபின் ஏதோ உறுத்தியது: ஆக்ராவில் இருப்பவை வெளிப்பக்கம் லேசாகச் சாய்ந்தவை, என் மேசையில் இருப்பவை செங்குத்து. சாய்வை ஏன் கைவிட்டார்கள், குமிழ் வரிசையில் சாய்வைக் கொண்டுவரவே முடியாதா என்று தேடிப் போய்த்தான் மேலே சொன்ன ஐந்துக்கு இரண்டு கணக்கில் வந்து நின்றேன். ஆறு மாதம் கழித்து அதே வெள்ளைக் கட்டைகளைப் பிரித்து, எங்கள் ஊர்க் குளத்தின் நீராழி மண்டபத்தைக் கட்டினேன். தூண்கள் இரண்டு முறை சரிந்தன. மூன்றாம் முறை நின்றன. அதற்குக் கையேடு எங்கும் கிடையாது. கையேட்டிலிருந்து கேள்விக்கும், கேள்வியிலிருந்து சொந்தக் கட்டுமானத்துக்கும் போகும் இந்தப் பாதைக்குக் கட்டுரையாளர் வைத்திருக்கும் பெயர் ‘மூளை வேண்டாத வேலை’!

முதிர்ச்சியின்மை என்ற குற்றச்சாட்டுதான் அவருக்கு மிகவும் பிடித்தமானது. நான்கு இடங்களில் சொல்கிறார், ஒரு இடத்திலும் நிறுவவில்லை. தரையில் பொம்மைகளைப் பரப்பி விளையாடுவதைப் பற்றி எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ் 1911இல் ஒரு புத்தகமே வெளியிட்டபோது அவருக்கு நாற்பத்தைந்து வயது நெருங்கியிருந்தது. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டக்ளஸ் ஹார்ட்ரீயும் அவர் மாணவர் ஆர்தர் போர்ட்டரும் 1934இல் மெக்கானோ என்ற விளையாட்டுச் சாமானின் இரும்புப் பட்டைகளையும் பற்சக்கரங்களையும் கொண்டு, வகைக்கெழுச் சமன்பாடுகளைத் தீர்க்கும் இயந்திரத்தைக் கட்டினார்கள். அணுக்களைப் பற்றிய கணக்குகளை அதில் போட்டார்கள். அந்தப் பேராசிரியரின் அறைக்குள் நம்மவர் நுழைந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்? நம் வீடுகளில் ஒன்பது நாள் கொலுவுக்குப் பெரியவர்கள்தாம் ஆண்டுதோறும் புதுப் பொம்மை வாங்கிச் சேர்க்கிறார்கள். அது பக்தி என்பார். படிக்குப் பக்கத்தில் மணல் பரப்பிக் கட்டும் பூங்காவும் கிரிக்கெட் மைதானமும் எந்தத் தெய்வத்துக்கு?

சதுரங்கம் அறிவின் அணிகலன், குறுக்கெழுத்து மொழிக்குப் பயிற்சி என்று இதே கட்டுரையாளர் முன்பு உருகி எழுதியிருக்கிறார். அதே கையோடு, இன்றைய பிள்ளைகள் கைபேசியைத் தேய்ப்பதைத் தவிர விரலுக்கு வேலை தெரியாதவர்களாகிவிட்டார்கள் என்று வருந்தியுமிருக்கிறார். விரலுக்கு வேலை கொடுக்கிற பெரியவரைக் கண்டால் மட்டும் ஏன் சிரிப்பு வருகிறது? மூளையால் ஆடினால் பண்பாடு, கையால் ஆடினால் பேதைமை என்ற இந்தக் கோட்டை யார் போட்டது? கொத்தனாரின் கணக்கையும் தச்சரின் கண்ணளவையும் அறிவு என்று ஒருநாளும் ஒப்புக்கொள்ளாத, வீட்டைக் கட்டித் தந்தவரைத் திண்ணையோடு நிறுத்திய பழைய மேட்டிமைதான் இங்கே முதிர்ச்சி என்ற சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறது. அவருடைய கட்டுரையின் ஒவ்வொரு வரிக்கும் அடியில் ஓடுவது இந்தக் கைவேலை இளக்காரம். பில்லுண்ட் என்ற சிற்றூரில், பொருளாதார மந்தத்தில் வீடு கட்டும் வேலை கிடைக்காமல், 1932இல் மர விளையாட்டுச் சாமான் செய்யத் தொடங்கிய ஓலே கிர்க் கிறிஸ்டியன்சன் என்ற தச்சரின் பட்டறையில்தான் இந்தக் கட்டையின் கதை தொடங்குகிறது. அதைக் கட்டுரையாளர் அறிந்திருந்தால் இன்னும் இளக்காரமாக எழுதியிருப்பார் என்றே நினைக்கிறேன்.

பிளாஸ்டிக் பற்றி அவர் எழுப்புவது நியாயமான கேள்வி. அதைத் தவறாகக் கேட்டிருக்கிறார் என்பதுதான் என் வருத்தம். இங்கிலாந்துக் கடற்கரையில் ஒதுங்கிய கட்டைகளை ஆராய்ந்த பிளிமத் பல்கலைக்கழகத்தார், ஒரு கட்டை கடலில் 100 முதல் 1,300 ஆண்டுகள் வரை கிடக்கலாம் என்று 2020இல் மதிப்பிட்டார்கள். ஒருமுறை குடித்துவிட்டு எறியும் குவளைக்கு இந்த ஆயுள் பாவம். ஆனால் 1958இல் வார்த்த கட்டையோடு இன்று வார்த்த கட்டை பிடிப்போடு பொருந்தும்போது, அப்பா கட்டியதைப் பிரித்து மகள் கட்டும்போது, அதே ஆயுள்தான் அதன் நியாயம். குற்றம் சொல்லியே ஆகவேண்டுமென்றால் இடம் இருக்கிறது: பழைய பாட்டில்களின் பிளாஸ்டிக்கிலிருந்து கட்டை செய்வோம் என்று 2021இல் மாதிரி காட்டிய நிறுவனம், கரியமில வாயு குறையவில்லை என்று 2023இல் அதைக் கைவிட்டது. விலையும் கொடுமை, இந்தியாவில் பொம்மை இறக்குமதி வரி 20 சதவீதத்திலிருந்து 2020இல் 60 ஆகி, 2023இல் 70 ஆனது, ஒரு சம்பளக்காரர் பெரிய செட்டை நினைத்தும் பார்க்க முடியவில்லை. இவற்றைக் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. நிறுவனத்தையும் அரசையும் கேட்பதைவிட, மேசையில் தனியாக உட்கார்ந்திருக்கும் மனிதரைக் கேலி செய்வது எளிது.

அந்த மனிதர்களில் சிலரை எனக்குத் தெரியும். வங்கி ஊழியர், பள்ளி ஆசிரியை, இரவுப் பணி முடித்துவரும் செவிலியர். விருந்தினர் வரும் நாளில் கட்டி வைத்ததைத் தூக்கி அலமாரிக்குள் வைத்துப் பூட்டுகிறவர்கள். சென்ற இதழைப் படித்துவிட்டு அவர்களில் ஒருவர் என்னைக் கூப்பிட்டு, “விட்டுவிடலாமா என்று பார்க்கிறேன்” என்றார். அவருக்கும், அவரைப் போன்ற வாசகர்களுக்கும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: அலமாரியைத் திறந்து, கட்டியதை எடுத்து, வருகிறவர்கள் கண்ணில் படும்படி கூடத்தில் வையுங்கள்.