கடல் மீனவன் பாடு என்னும் மயக்கம்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடையால் விசைப்படகுகள் காசிமேட்டுத் துறைமுகத்தில் கட்டிக்கிடக்கும் 61 நாட்களில், தாம்பரத்து மீன் கடையில் வஞ்சிரத்தின் விலையைக் கேட்டு முகம் சுளித்து, ‘போகட்டும், மீன் பெருகத்தானே இந்தத் தடை’ என்று சமாதானம் சொல்லிக்கொண்டு நெத்திலியோடு வீடு திரும்பும் நம்மவர்களின் மனத்தில், கடலைக் காப்பது மீனவனின் கடமை, அதை அவன் தடைக்காலத்தில் நிறைவேற்றிவிடுகிறான், ஆகவே நமக்கு அதில் யாதொரு சம்பந்தமும் இல்லை என்கிற அபிப்பிராயம் ஆழ வேரூன்றியிருக்கிறது. படித்தவர்கள்தாம் இதை அதிக நிச்சயத்தோடு சொல்கிறார்கள்.

2001இல் 45 நாளாகத் தொடங்கி 2017இல் 61 நாளாக நீட்டப்பெற்ற இத்தடை வீண் என்று நான் வாதிக்கவில்லை. இழுவைமடி கடலடியை வாராத இரண்டு மாதங்கள் சினை மீனுக்கு லாபமே. ஆனால் முட்டை பொரிந்தபின் குஞ்சு எங்கே வளரும்? வெள்ளை இறால் கடலில் முட்டையிட, அதன் குஞ்சுகளோ முகத்துவாரம் வழியே கழிக்குள் ஏறி, உப்பும் நன்னீரும் கலந்த ஆழமற்ற நீரில் தேறிய பிறகே கடலுக்குத் திரும்புகின்றன. மடவையும் கொடுவாவும் இளம்பருவத்தில் கழியை நாடுபவையே. அந்தத் தொட்டில் நாசமாகிக் கிடக்கையில், நடுக்கடலில் மட்டும் தடை விதித்து என்ன பிரயோஜனம்?

தென் சென்னைக் கரையில் அத்தகைய இடங்கள் அடையாற்று முகத்துவாரமும் கோவளம் கழியுமே. இரண்டுக்கும் தண்ணீர் போவது நம் வாசல் வழியாகத்தான். ஆதனூர்ப் பக்கத்து ஏரிகளின் உபரிநீரை ஏந்தி முடிச்சூர், அனகாபுத்தூர் வழியாக ஓடும் அடையாற்றை, 2015 டிசம்பரில் வரதராஜபுரத்து வீடுகளுக்குள் அது புகுந்த நாட்கள் நீங்கலாக, ஆறென்று நாம் மதித்ததே இல்லை. செம்பாக்கம் ஏரி வழிந்த நீரோ நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகளைக் கடந்து, 2022இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற (பெருங்குடிக் குப்பைமேட்டையும் தன் மடியிலேயே சுமக்கின்ற) பள்ளிக்கரணைச் சதுப்பில் கலந்து, ஒக்கியம் மடுவால் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, கோவளத்தில் கடலைத் தொடுகிறது. இவ்வழி நெடுகிலும் நம் சாக்கடையும் கூடவே பிரயாணம் செய்கிறது. மழைக்காலம் கழிந்து அடையாற்றின் ஓட்டம் குன்றியதும், அலை ஒதுக்கும் மணல் முகத்துவாரத்தைத் தூர்த்துவிட, உள்ளே தேங்குவது பிராணவாயு வற்றிய கழிவுநீர்; ஏறிவரும் இறால் குஞ்சுக்கு நுழைய வழியில்லை, நுழைந்தாலும் மூச்சில்லை.

மீனவர்களே சிறுகண்ணி வலையால் குஞ்சையும் குறுமீனையும் வாருகிறார்களே என்பார்கள். வாருகிறார்கள், அது குற்றமே, அவர்களைக் கட்டுப்படுத்த 1983ஆம் ஆண்டின் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டமும் இருக்கிறது. ஆனால் அச்சட்டத்தின் கை படகையும் வலையையும் தாண்டி முடிச்சூர் வரை நீள்வதில்லை. தடைக்காலம் முழுவதற்கும் குடும்பத்துக்கு 8,000 ரூபாய் நிவாரணத்தோடு படகுத் தொழிலாளி ஜீவனம் நடத்த, ஆற்றில் கழிவை விட்ட நாம் வஞ்சிரத்தின் விலையேற்றத்தை நம் தியாகமாகக் கணக்கெழுதிக்கொள்கிறோம்.

2021இல் மாநகராட்சியாக உயர்ந்த தாம்பரத்தில் பாதாளச் சாக்கடையைப் பற்றி மாமன்றம் விவாதிக்கும்போதெல்லாம், அதைத் தெருவின் சுகாதார விவகாரமாக மட்டும் பாவியாமல், மீன்வளத் துறை அதிகாரி ஒருவருக்கும் அடையாற்று முகத்துவாரத்தை ஒட்டிய ஊரூர் குப்பத்து மீனவர் ஒருவருக்கும் அங்கே ஆசனம் போடவேண்டும் என்பேன், சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.